சேஃப்டி வால்வைக் கட்டிப்போட்டவன்

பிரணவ், நான் எழுதியதை அம்மா உனக்குப் போனில் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால், காரை எங்காவது ஓரமாக நிறுத்திவிட்டுக் கேள். ஓட்டிக்கொண்டே கேட்கிற விஷயம் இல்லை இது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீ மூன்றாம் நிலை வரைதான் போனாய்; எழுத்துக் கூட்டி நீயே படிக்க உட்கார்ந்தால் இதை முடிக்க இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாள் நம்மிடம் இல்லை. அப்புறம் எதற்குத் தமிழில் எழுதினீர்கள், இங்கிலீஷில் ஒரு மெயில் போட்டிருக்கலாமே என்று கேட்பாய். போட்டிருக்கலாம். ஆனால் இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் எனக்கு ரிப்போர்ட்தான் வரும். யார் செய்தது என்று சொல்லாமலேயே நடந்ததைச் சொல்ல அந்த மொழியில் இருபத்தைந்து வருஷமாகப் பழகிவிட்டேன். தமிழில் எனக்கு அந்த வித்தை தெரியாது, வீட்டில் பேசுகிற மாதிரிதான் வரும். நடுவில் அம்மாவைப் பற்றியும் ஓர் இடம் வரும். அங்கே அவள் நிறுத்தினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிறு நீ கூப்பிட்டபோது நானும் அம்மாவும் பேர்லேண்ட் கோயிலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஸ்பீக்கரில் போட்டேன். உன் கம்பெனி செய்கிற கன்டெய்னர் அளவு பேட்டரிப் பெட்டியைப் பற்றிச் சொன்னாய். உள்ளே ஒரு செல் சூடாகித் தீப்பிடித்தால் அந்தத் தீ பக்கத்து செல்லுக்குப் பரவக் கூடாது, அதுதான் டெஸ்ட். மூன்று பெட்டியில் டெஸ்ட் செய்தீர்கள். இரண்டில் தீ நின்றது, மூன்றாவதில் நிற்கவில்லை, பெட்டி முழுவதும் எரிந்து போனது. மூன்றாவதை அசெம்பிள் செய்ததிலேயே தப்பு, அதை ரிப்போர்ட்டில் சேர்க்க வேண்டாம் என்கிறார் மேனேஜர். தப்பு எதுவும் உன் கண்ணில் படவில்லை. டெஸ்ட் என்ஜினியர் என்று போட்டிருக்கும் இடத்தில் உன் கையெழுத்து வேண்டுமாம். எல்லாவற்றையும் வழக்கம்போல இங்கிலீஷில் சொல்லிவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் அப்பா என்று கேட்டாய்.

நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "போட்டுட்டுப் போடா. மேனேஜர் சொல்றான்ல, அவன் பாத்துப்பான். ஆகஸ்ட்ல கல்யாணத்த வெச்சுக்கிட்டு இப்பப் போய் வேலையில வம்பு இழுக்காதே. மாப்பிள்ளை பிட்வீன் ஜாப்ஸ்னு சம்பந்தி வீட்டுல நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?" நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அம்மா மட்டும், "அவன் ஏதோ சீரியஸா கேக்கறான், நீங்க பாட்டுக்கு ஜோக் அடிக்கறீங்க" என்றாள். மறுநாள் மத்தியானம் உன்னிடமிருந்து மெசேஜ் வந்தது: சைன் பண்ணிட்டேன், தேங்க்ஸ்ப்பா. நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டேன்.

அன்று நான் சொன்னது தப்பு. படுதப்பு. அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்கு. முதல் பெட்டி வருகிற வெள்ளிக்கிழமை லாரியில் ஏறுகிறது, ஸ்டாக்டன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கப் போகிறார்கள் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். இன்று செவ்வாய்க்கிழமை. இவ்வளவுதான் விஷயம், இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பாய். சின்ன வயதிலிருந்தே நீ ஏன் என்று கேட்காமல் ஒரு வாய் சோறு தின்றவன் இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், நான் பதினாறு வருஷமாக உன்னிடமும் அம்மாவிடமும் மறைத்த ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. திருச்சியில் பாய்லர் தொழிற்சாலையில் ஐந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு நியூ ஜெர்சிக்கு வந்தவன் நான். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் நயாகராவுக்கும் டிஸ்னிக்கும் குடும்பத்தோடு கிளம்பியபோது, நான் உன்னை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு பேட்டர்சன் அருவிக்குப் போனேன். அந்த அருவித் தண்ணீரைக் கால்வாயில் திருப்பிவிட்டுத்தான் அந்தக் காலத்தில் மில்களை ஓட்டினார்கள், பட்டு நெய்தார்கள், பக்கத்திலேயே ரயில் எஞ்சின் செய்தார்கள். பாழடைந்த செங்கல் கட்டடங்களைக் காட்டி, "பாருடா, ஒரே நூறு வருஷத்துல காடா கிடந்த நாட்ட பட்டறையா மாத்திட்டானுங்க" என்று உன்னிடம் சொன்னேன். உனக்கு அப்போது ஒன்றரை வயது, வாயில் பேசிஃபையர். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தந்தி, தையல் மிஷின், அறுவடை மிஷின், மின்விளக்கு என்று நீ வளர வளர நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். யார் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னேன், எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று சொன்னேன். யார் மேல் ஏறிப் போய் வளர்ந்தது என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கே அப்போது அதில் அக்கறை கிடையாது.

நீ மூன்றாம் வகுப்புக்குப் போகும்போது சுகர் லேண்டுக்கு வந்தோம். எனக்கு வேலை ஹூஸ்டனுக்குக் கிழக்கே கப்பல் கால்வாய்ப் பக்கம் ஒரு கெமிக்கல் ப்ளான்ட்டில், தினமும் ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம். பிரஷரில் ஓடுகிற பாத்திரங்கள், பைப்புகள், வால்வுகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அங்கே டேரல் என்று ஓர் ஆபரேட்டர் இருந்தார். ப்ளான்ட் பிக்னிக்கில் உன்னைத் தோள்மேல் உட்கார வைத்துக்கொண்டு சுற்றினாரே, அவர்தான். என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை, அதனால் என்னை புரொபசர் என்றுதான் கூப்பிடுவார். அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயை ஒரு தடவை சும்மா நக்கிப் பார்த்தவர், அப்புறம் சான்ட்விச்சுக்கு உள்ளே அதைத் தடவாமல் சாப்பிட்டதில்லை. "புரொபசர், பாட்டில் காலின்னு வீட்டம்மாகிட்ட சொல்லுங்க" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, பதிலுக்குத் தன் வீட்டு மரத்துப் பீக்கான் கொட்டைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைப்பார்.

அந்த ப்ளான்ட்டில் ஒரு பெரிய பாத்திரம், அதன் தலையில் ஒரு சேஃப்டி வால்வு. உள்ளே அழுத்தம் அளவுக்கு மேல் ஏறினால் தானே திறந்து வெளியே விட்டுவிடும், நம் குக்கர்மேல் வெயிட் தூக்கிக்கொள்கிற மாதிரி. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை அதைக் கழற்றி டெஸ்ட் செய்தாக வேண்டும். கழற்ற வேண்டுமானால் யூனிட்டை நிறுத்த வேண்டும். தேதி வந்துவிட்டது, ஆனால் அந்தச் சமயம் பார்த்து ஆர்டர் குவிந்திருந்தது, நிறுத்த யாருக்கும் மனசில்லை. மூன்று மாதம் தள்ளிப்போட ஒரு ஃபாரம் உண்டு. தள்ளிப்போட்டால் ஆபத்தில்லை என்று அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். முந்தின மாதம்தான் பக்கத்து யூனிட்டில் இதே மாதிரி ஒரு வால்வைக் கழற்றியிருந்தார்கள். வாய் முழுக்கப் பிளாஸ்டிக் மாதிரி ஏதோ இறுகி அடைத்துக் கிடந்தது. நான் விரல் விட்டுப் பார்த்தேன், நகம்கூட இறங்கவில்லை. இரண்டிலும் ஓடுவது ஒரே சரக்கு. அதில் அடைத்தால் இதிலும் அடைக்கும் என்று கண்டுபிடிக்க என்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை.

ப்ளான்ட் மேனேஜர் என் ரூமுக்கே வந்தார். "உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை. ஒரு தேதியத் தள்ளி வெக்கச் சொல்றோம், அவ்வளவுதான்" என்றார். கதவு வரை போனவர் திரும்பி நின்று, "உன் கிரீன் கார்டு பேப்பர்ஸ் எல்லாம் எச்.ஆர்.ல நல்லா மூவ் ஆகுதில்ல?" என்று கேட்டார். மிரட்டினாரா, இல்லை, நிஜமாகவே அக்கறையில் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியவேண்டிய தேவையும் எனக்கு அப்போது இருக்கவில்லை. அந்த வரிசையில் நாங்கள் எட்டாவது வருஷமாக நின்றுகொண்டிருந்தோம். வேலை போனால் வரிசை போச்சு, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். நீ இங்கே பிறந்தவன், சென்னை வெயிலில் இரண்டு வாரம் இருந்தாலே உடம்பெல்லாம் தடித்துப் போகிறவன். உன்னை எந்த ஸ்கூலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்றெல்லாம் மனசு எங்கெங்கேயோ ஓடியது. வால்வைப் பற்றி மட்டும் அது ஓடவில்லை. கையெழுத்துப் போட்டேன். வருகிற வழியில் இந்தியக் கடையில் நிறுத்தி உனக்கு ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்கு அப்புறம் எனக்குப் பதினொரு நாள் இருந்தது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேள், இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நாலாவது நாள் டேரல் என்னிடம், "புரொபசர், அந்த பிரஷர் கேஜ் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலயே நிக்குது" என்றார். பார்த்துக்கொண்டே இருங்கள் என்றேன். எட்டாவது நாள் சனிக்கிழமை, உன் செஸ் டோர்னமென்ட், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். போன் கையில்தான் இருந்தது. ஒன்பதாவது நாள் மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதினேன். பக்கத்து வால்வில் கண்ட அடைப்பைக் கருதி என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று நாலே வரி. எழுதிவிட்டு, நாளைக்கு இன்னொரு தடவை படித்துப் பார்த்து அனுப்பலாம் என்று டிராஃப்டில் வைத்தேன். பத்தாவது நாள் படித்தேன், இங்கிலீஷ் கொஞ்சம் சரியில்லை என்று இரண்டு வார்த்தை மாற்றினேன், அனுப்பவில்லை.

பன்னிரண்டாவது நாள் காலை உன்னை ஸ்கூலில் இறக்கிவிட்டு ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருக்கும்போது கிழக்கே கறுப்பாகப் புகை எழுவதைப் பார்த்தேன். நம் ப்ளான்ட் என்று உடனே தெரிந்தது, எந்த யூனிட் என்றும் தெரிந்தது. அழுத்தம் ஏறியிருக்கிறது, வால்வு திறக்கவில்லை. சைரன் அடித்ததும் எல்லாரும் கேட்டைப் பார்த்து ஓடியிருக்கிறார்கள். டேரல் ஓடவில்லை. கீழே காது கேட்காமல் வெல்டிங் செய்துகொண்டிருந்த கான்ட்ராக்ட் ஆட்கள் இரண்டு பேரை முதலில் பிடித்து வெளியே தள்ளினார். அப்புறம் கையால் திறக்கிற வென்ட்டைத் திறந்து அழுத்தத்தை இறக்க மேலே ஏறினார். பாதி திறந்துவிட்டார். அதற்குள் கீழே ஒரு ஜாயின்ட் பிளந்துவிட்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார், அவருடைய மனைவி லொரெய்னுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை என்று சொன்னார்கள். நான் பார்க்கப் போகவில்லை. வெடித்த அன்று ஆபீஸில் போய் உட்கார்ந்ததும் நான் முதலில் செய்த காரியம், டிராஃப்டில் இருந்த அந்த மெயிலை அழித்தது.

அடுத்தது ரிப்போர்ட். அலாரம் அடித்து நாலு நிமிஷம் கழித்துத்தான் ஆபரேட்டர் வென்ட்டைத் திறக்கப் போனார், தாமதமான நடவடிக்கை என்று எழுதினார்கள். அந்த நாலு நிமிஷத்தில்தான் அவர் இரண்டு உயிரைக் காப்பாற்றினார். அந்த வெல்டர்கள் இரண்டு பேரும் வந்து சொல்லியும் அது பின்னால் எங்கேயோ ஒரு இணைப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. வால்வைப் பற்றிய பகுதி என்னுடையது. இன்ஸ்பெக்‌ஷன் கெடுவுக்குள் இருந்தது என்று எழுதினேன். அதில் பொய்யே கிடையாது, கெடுவை நீட்டியவனே நான்தானே! பக்கத்து வால்வில் பார்த்ததைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. துக்கம் கேட்க அம்மா ஒரு டிரே நிறையப் புளியோதரை செய்தாள், அவர்களுக்குக் காரம் ஆகாது என்று மிளகாயைக் குறைத்துப் போட்டு. நான்தான் காரை ஓட்டிக்கொண்டு போனேன். வாசலில் லொரெய்ன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் லேட் பண்ணிட்டார்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்த நேரத்துல யாரா இருந்தாலும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வாங்க" என்றேன். ஆறுதல் சொல்கிறேனாம். அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் கிரீன் கார்டு வந்தது, வீட்டில் பாயசம் வைத்தோம், நீ இரண்டு டம்ளர் குடித்தாய்.

டேரல் போய் மூன்று மாதம் இருக்கும், உனக்கு ஸ்கூலில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கண்டுபிடிப்புகளும் தொழில் வளர்ச்சியும். நம் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், பிள்ளையின் ப்ராஜெக்டைப் பிடுங்கிக்கொண்டு நானே செய்தேன். ஆபீஸ் கலர் பிரிண்டரில் படங்கள், ரூலர் வைத்து ஒட்டிய தலைப்புகள், போர்டில் ஒரு மூலை மட்டும் உனக்கு. அந்த மூலையில் பென்சிலால் எழுதின ஒரு தாளை நீ ஒட்டி வைத்திருந்தாய். லைப்ரரிப் புத்தகத்தில் நீயே தேடி எடுத்தது. ரயில் பெட்டிகளை இணைக்கிற ஆட்கள் இரண்டு பெட்டிக்கு நடுவே நின்று கையால் ஆணி செருகுவார்களாம். விரல் போகும், கை போகும், சில சமயம் ஆளே போவானாம். வேலை கேட்டு வருகிறவன் கையில் விரல் குறைந்திருந்தால் அனுபவசாலி என்று எடுத்துக்கொள்வார்களாம். தானாக மாட்டிக்கொள்ளும் கொக்கியை ஒருவர் கண்டுபிடித்த பிறகும் இருபது வருஷம் போல முக்கால்வாசிக் கம்பெனிகள் அதை வாங்கி மாட்டவில்லை, சட்டம் வந்து கழுத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கீழே ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகள். அடுத்த படகை முந்த வேண்டும் என்று சேஃப்டி வால்வின் நெம்புகோலில் கனத்தைத் தொங்கவிட்டார்கள், கயிறு போட்டுக் கட்டினார்கள், பாய்லர் வெடித்துப் படகோடு செத்தார்கள். நீ ஒரு குட்டிப் படகு வரைந்து பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாய். "ஒய் வுட் தே டை இட் டவுன், அப்பா? தே வேர் ஆன் த போட் டூ" என்றாய். அவர்களும் அதே படகில்தானே இருந்தார்கள், அப்புறம் ஏன் கட்டினார்கள் என்று.

"முட்டாப் பசங்கடா. இதெல்லாம் வேணாம், நெகட்டிவா இருக்கு, ஜட்ஜுக்குப் புடிக்காது" என்று சொல்லிவிட்டு, நீ பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அந்தத் தாளைப் பிய்த்தேன். பசை காய்ந்திருந்ததால் போர்டில் ஒரு தோல் உரிந்து வந்தது, அதன்மேல் ஒரு மின்விளக்குப் படத்தை ஒட்டினேன். உனக்கு முதல் பரிசு, நீல ரிப்பன், கிடைத்தது. கையெழுத்து மோசம் என்றுதான் அப்பா பிய்த்துவிட்டார் என்று நீ அம்மாவிடம் சொல்லி அழுதாயாம், ரொம்ப நாள் கழித்து அவள் சொன்னாள். உன் கையெழுத்துக்கு என்ன குறைச்சல்! பதினொரு வயதுப் பையன் என்னைப் பற்றி எழுதி போர்டில் ஒட்டிவிட்டான் என்று எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அந்த நூற்றாண்டைப் பற்றி நான் நிறைய வாசித்தது அதற்குப் பிறகுதான். ரசிக்கிறதற்காக இல்லை, என்னை மாதிரி எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்க்கிறதற்காக. நிறையப் பேர் இருந்தார்கள். அந்தக் காலத்துக் கோர்ட்டில் போய் நின்றால், கூட வேலை செய்தவனுடைய கவனக்குறைவு, முதலாளிக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள். செத்தவனே காரணம் என்று சொன்னால் இன்னும் சௌகரியம், அவன் எழுந்து வந்து பதில் சொல்லப்போவதில்லை. நாங்கள் எழுதிய ரிப்போர்ட்டுக்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? வளர்ச்சி என்றால் கொஞ்சம் ரிஸ்க் இருக்கத்தான் செய்யும் என்று பர்த்டே பார்ட்டிகளில் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிற அங்கிள்களை நீ பார்த்திருக்கிறாய். நானும் அந்த வட்டத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன். யாருடைய ரிஸ்க் என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. படகில் வால்வைக் கட்டியவனை முட்டாள் என்றேனே, அவன் முட்டாள் இல்லை. முந்து முந்து என்று அவன் தலைக்குமேல் ஒருவன் கத்தியிருப்பான், அவனுக்கும் வேலை வேண்டும், வீட்டில் ஒரு பிள்ளை இருந்திருக்கும். ஆனால் நீ அன்று கேட்டது சரி. அவனாவது அந்தப் படகிலேயே நின்றான். நான் ஊறுகாய் பாட்டிலோடு வேறொருவரை ஏற்றி அனுப்பிவிட்டு ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருந்தேன்.

உனக்கு என்னுடைய சாக்குகூடக் கிடையாது, பிரணவ். உன்னை யாரும் மூட்டை கட்டச் சொல்ல முடியாது. நான் கொடுத்த விலையெல்லாம் (கொடுத்தது நானில்லை, டேரல்) நீ யாருக்கும் பயப்படாமல் இந்த ஊரில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீயோ அப்பாவைக் கேட்டுவிட்டு அடுத்த நாளே கையெழுத்துப் போடுகிறாய். கார்டை உனக்கு வாங்கித் தரவேண்டிய தேவையே இருக்கவில்லை, நீ பிறக்கும்போதே உனக்கு எல்லாம் இருந்தது. நான் உனக்கு வாங்கித் தந்தது என் பயத்தைத்தான் போலிருக்கிறது. உன் மெசேஜையும் அதற்குக் கீழே நான் அனுப்பிய கட்டைவிரலையும் ஒரு வாரமாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவள், "ஏங்க, நான் புளியோதரை எடுத்துட்டுப் போனேனே. அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "தெரிஞ்சேதான் பக்கத்துல உக்காந்து கார் ஓட்டிட்டு வந்தீங்களா?" ஆமாம் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டுபோய் ஸிங்க்கில் போட்டாள். "நீங்க பண்ணினது ஒரு பக்கம் இருக்கட்டும். அதையே புள்ளைக்கும் சொல்லிக் குடுத்துட்டீங்களே, பாவி மனுஷா" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பேசியதில்லை. அவனுக்கு எழுதிவிடுகிறேன் என்றேன். "மொதல்ல அந்தப் பொம்பளைகிட்டப் போய்ச் சொல்லுங்க. அதச் சொல்லாம அவனுக்குப் புத்தி சொல்ல உங்களுக்கு வாயே கிடையாது" என்றாள்.

நேற்றுக் காலை போனேன். அதே வீடுதான், பீக்கான் மரம் இப்போது கூரைக்கு மேல் போய்விட்டது. லொரெய்னுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் கதவைத் திறந்தார். என்னை ஞாபகம் இருந்தது, புரொபசர் என்று சொல்லிச் சிரித்தார், உள்ளே வரச் சொன்னார். நான் வாசலிலேயே நின்று சொன்னேன். வால்வு, ஃபாரம், பக்கத்து யூனிட்டில் பார்த்தது, அழித்த மெயில், அந்த நாலு நிமிஷத்தில் டேரல் நிஜமாக என்ன செய்துகொண்டிருந்தார் என்பது, எல்லாம். போலீஸைக் கூப்பிடுவார், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது வேறு. "அப்போ அவர் லேட் பண்ணலையா?" என்றார். இல்லை என்றேன். "மாசா மாசம் கல்லறைக்குப் போறேன். போறப்பல்லாம் அவரைத் திட்டிட்டுத்தான் வருவேன். அத்தனை பேரும் ஓடினாங்களே, நீ எங்க பராக்குப் பாத்துட்டு நின்னே, என்னைப் பத்தி நினைக்கவே இல்லையான்னு. பதினாறு வருஷம். ஒரு தடவைகூட நல்லதா ஒரு வார்த்தை சொல்லலை" என்றார். கதவைப் பிடித்துக்கொண்டு, "அவரை நான் திட்டறதுக்கு விட்டுட்டீங்களே" என்றார். கதவைச் சாத்தினார், மெதுவாகத்தான் சாத்தினார். நான் காரில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழ உரிமை கிடையாது என்று தெரியும், ஆனாலும் அழுதேன். இனி அவர் வக்கீலை வைக்கலாம், என் பழைய கம்பெனி என் மேல் பாயலாம். வருவது வரட்டும்.

ஆகவே, இப்போது உன் விஷயம். மூன்றாவது பெட்டியின் ரிசல்ட்டைச் சேர்க்காத ரிப்போர்ட்டிலிருந்து என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரே ஒரு வரி எழுது. இங்கிலீஷ் நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காதே. மேனேஜருக்கு மட்டும் அனுப்பினால் அது அவரோடு நின்றுவிடும்; அவருக்கு மேலே இருப்பவருக்கும் சேஃப்டியில் இருப்பவருக்கும் அதே மெயிலில் அனுப்பு. அவர்கள் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு நல்லவிதமாகப் பேசுவார்கள். டீம் ப்ளேயர் இல்லை என்பார்கள், உனக்கு வரவேண்டிய கம்பெனி ஸ்டாக்கைப் பற்றிப் பேசுவார்கள், ஒருவேளை கல்யாணம் எப்போது என்றுகூட அக்கறையாகக் கேட்பார்கள். வேலை போகலாம், போகாது என்று நான் சொல்ல மாட்டேன், இனிமேல் உன்னிடம் பொய் சொல்கிற உத்தேசம் இல்லை. சம்பந்தி வீட்டுக்கு நானே போன் பண்ணி, என் பிள்ளைக்கு வேலை போனது எதனால் என்று என் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். அதைக் கேட்டுவிட்டு அவர்கள் வேண்டாம் என்றால் அது என் தலையில்.

இதையெல்லாம் கேட்டபிறகு நீ என்னோடு பேசாமல் போகலாம், கல்யாண மேடையில் நான் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று சொல்லலாம். சொல்லு, நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். என்னை வெறுக்க உனக்கு ஆயுசு முழுக்க இருக்கிறது. பெட்டி ஏறுவதற்கு மூன்று நாள்தான் இருக்கிறது. அம்மா படித்து முடித்துவிட்டாள், போனை வைத்துவிட்டு அந்த ஒரு வரியை எழுது.